மூலநிரல் குறிப்பிலிருந்து மாறிலிகள்: எந்த வழி எங்கே இடிக்கிறது?

ஒரே எண்ணையோ பெயரையோ இரண்டு இடங்களில் கையால் எழுதினால், என்றாவது ஒன்று மாறும், மற்றது அப்படியே கிடக்கும். அதனால்தான் மூலநிரலில் ஒரு குறி வைத்துவிட்டு, மாறிலிகளை எழுதும் வேலையைக் கருவியிடம் விடுகிறோம். சி, கோ, ஜாவா மூன்றிலும் வழி உண்டு. ஒப்பிட ஒரு கேள்வி போதும்: உருவான கோப்பு பழையதாகிவிட்டால் அதை யார் காட்டிக்கொடுப்பது?

சியின் எக்ஸ்-மேக்ரோவில் இந்தக் கேள்வியே எழாது (மேக்ரோ என்பது கம்பைலுக்கு முன் வேறு நிரலாக விரியும் பெயர்). பட்டியலை ஒரு கோப்பில் வைத்து, மேக்ரோவுக்கு இருமுறை வேறுவேறு பொருள் கொடுத்து இன்க்ளூட் செய்தால், ஒருமுறை எனம் (enum, பெயரிட்ட எண்களின் பட்டியல்) வரும், மறுமுறை பெயர்ச் சரங்கள் வரும். ஒவ்வொரு கம்பைலிலும் புதிதாக விரிகிறது. தொல்லை வேறிடத்தில்: இரு சொற்களை ஒன்றாக்கும் ## குறி கொண்டு ஒட்டிய பெயர்கள் எடிட்டர் தேடலில் சிக்காது. நாற்பது பெயர் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

மதிப்பைக் கம்பைலர்தான் கணக்கிட முடியும் என்றால் லினக்ஸ் கெர்னலின் தந்திரம் அருமை. அசெம்ப்ளி நிரலுக்கு ஸ்ட்ரக்ட் உறுப்புகளின் ஆஃப்செட், அதாவது தொடக்கத்திலிருந்து அவை எத்தனை பைட் தள்ளி இருக்கின்றன என்பது, தேவை. அது கம்பைலர் இடையில் விடும் வெற்று பைட்டுகளை (பேடிங்) பொறுத்தது, உரையில் வடிவம் தேடும் ரெஜெக்ஸுக்கு எட்டாது. வேண்டியவற்றை ஒரு சி கோப்பில் மேக்ரோவால் குறித்து, அசெம்ப்ளி வரை மட்டும் கம்பைல் செய்து, "->" உள்ள வரிகளை உரை திருத்தும் செட் (sed) கட்டளையால் பிரித்து ஹெடராக்குகிறார்கள். எதையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். அதனால் வேறொரு இயந்திரத்துக்காகக் கம்பைல் செய்யும் கிராஸ்-கம்பைலிலும் இலக்கு இயந்திரத்துக்குரிய எண்ணே கிடைக்கும்.

மூலநிரலில் //go:generate என்று தொடங்கும் வரிகளில் உள்ள கட்டளைகளை ஓட்டும் கோ மொழியின் ஜெனரேட் கட்டளை 2014 டிசம்பரில் 1.4 பதிப்போடு வந்தது. கோ பில்ட் இதைத் தானாக ஓட்டாது. நாம் ஓட்டி, விளைவைக் கமிட் செய்ய வேண்டும். அந்த வரியின் இரட்டைச் சாய்கோட்டை அடுத்து ஒரு இடைவெளி விழுந்தாலும் அது வெறும் கமெண்ட், பிழைச் செய்தி கூட வராது. வரிசை எண்ணைத் தானே ஏற்றித் தரும் ஐயோட்டா பட்டியலின் நடுவே ஒரு பெயரைச் செருகினால் கீழுள்ள எண்கள் எல்லாம் நகரும். இதற்கு, மாறிலிகளின் பெயரை அச்சிடும் நிரலை உருவாக்கும் ஸ்ட்ரிங்கர் கருவி ஒரு காவல் வைத்திருக்கிறது: மாறிலியிலிருந்து பழைய மதிப்பைக் கழித்து, நீளம் 1 உள்ள அணிக்குச் சுட்டெண்ணாகத் தருகிறது, மதிப்பு மாறியிருந்தால் கம்பைல் நின்றுவிடும். ஆனால் கடைசியில் புதுப் பெயர் சேர்த்தால் இந்தக் காவல் விழிக்காது. பெயருக்குப் பதில் வகைப்பெயரும் அடைப்புக்குறிக்குள் எண்ணும்தான் அச்சாகும். ஆகவே சிஐயில் (கமிட் செய்ததைத் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) ஜெனரேட்டை மறுபடி ஓட்டி, கிட் டிஃப் காலியாக இல்லையென்றால் பில்டைத் தோற்கடிப்பது கட்டாயம்.

ஜாவாவில் அனோடேஷன் என்பது நிரலில் @ இட்டு எழுதும் குறி; அதைப் படித்துப் புது நிரல் எழுதும் அனோடேஷன் பிராசஸர் கம்பைலருக்குள்ளேயே ஓடுகிறது. வகைகள் தெரியும், மாறிலியின் மதிப்பையும் கேட்டு வாங்கலாம். இருக்கும் கோப்பைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் எழுத முடியும். சரங்களுக்கு நாமே மேற்கோள் ஒட்டாமல், பிராசஸருக்குக் கிடைக்கும் எலிமென்ட்ஸ் என்ற உதவி இடைமுகம் தரும் கெட்-கான்ஸ்டன்ட்-எக்ஸ்பிரஷனைப் பயன்படுத்தினால் எஸ்கேப் பிழை வராது. பிராசஸர் படிக்கும் அனோடேஷனுக்குள்ளேயே அது உருவாக்கப்போகும் மாறிலியை எழுதிவிடுவது வழக்கமான தவறு. முதல் சுற்றில் அது இன்னும் பிறக்கவில்லை, "<எரர்>" என்ற சரம் கைக்கு வரும்.

எல்லா வகுப்புகளின் மாறிலிகளையும் ஒரே கோப்பில் குவித்தால் கிரேடில் என்ற பில்ட் கருவிக்கு அது அக்ரிகேட்டிங் (பலவற்றைத் திரட்டும்) பிராசஸர். ஒரு வரி மாறினாலும் குறியிட்ட வகுப்புகள் அத்தனையும் மறுபடி அலசப்படும். வகுப்புக்கு ஒரு கோப்பு என்றால் ஐசொலேட்டிங் (ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்கும்) வகை போதும், பில்ட் வேகம் தப்பும். 2024 செப்டம்பரில் வந்த ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) 23 முதல், கிளாஸ்பாத்தில் கிடப்பதாலேயே பிராசஸர் ஓடிவிடாது. வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

ஜாவாவில் எந்தப் பிராசஸரும் பிடிக்காத வகையில் மதிப்பு பழையதாகிவிடும் ஒரு வழி உண்டு. ஸ்டாட்டிக் ஃபைனல் மாறிலியின் மதிப்பு, பயன்படுத்தும் வகுப்பின் கிளாஸ் கோப்புக்குள்ளேயே நகலாகிவிடும். நூலகத்தை மட்டும் மாற்றினால் மற்ற ஜார்கள் (வகுப்புகளின் தொகுப்புக் கோப்புகள்) பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். மாறக்கூடிய மதிப்பை மெதட் வழியே கொடுக்கலாம். ஆனால் அப்போது ஸ்விட்ச் கேஸிலும் அனோடேஷன் மதிப்பிலும் அதைப் போட முடியாது.