அம்மாவின் எலும்பு அறிக்கையில் ஒரு வரி

களுவாஞ்சிகுடியில் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து அம்மாவின் மணிக்கட்டு முறிந்ததால், வைத்தியரின் சிட்டையோடு மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு தனியார் நிலையத்தில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்வித்தோம். கால் மணி நேரத்துக்குள் இடுப்பையும் முள்ளந்தண்டையும் படமெடுத்துவிட்டார்கள். வலி இல்லை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. படமெடுத்த பெண் பணியாளர் காலை எப்படித் திருப்பி வைக்க வேண்டும் என்பதைத் தமிழில் பொறுமையாகச் சொன்னார். எங்களுக்கு முன் வந்திருந்த காத்தான்குடி அம்மா ஒருவரும் அதனால் நிம்மதியாக இருந்தார்.

குறை அறிக்கையில்தான். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளில் உயரம், நிறை ஆகியவற்றுக்குக் கீழே, இனம் என்ற இடத்தில் 'வெள்ளையர்' என்று அச்சாகியிருந்தது. அம்மாவிடம் எவரும் கேட்கவில்லை. இயந்திரத்தில் ஏற்கெனவே இருந்த தெரிவை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் என்ற எண்ணுக்கு இதனால் பாதகமில்லை. எல்லா இனப் பெண்களையும் இளம் வெள்ளைப் பெண்களின் சராசரியோடு ஒப்பிடுவதே சர்வதேச வழக்கம், -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) என்பது உலக சுகாதார நிறுவனம் 1994 இல் வகுத்த எல்லை. அம்மாவுக்கு -2.1. இந்த இடைநிலையில் உள்ளவர்களுக்கு மருந்து தொடங்குவதா என்று தீர்மானிக்க, பத்தாண்டுக்குள் எலும்பு முறியும் வாய்ப்பைச் சொல்லும் ஃபிராக்ஸ் கணிப்பைத்தான் வைத்தியர்கள் பார்க்கிறார்கள். அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுக்கு வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், ஆசியர் என நான்கு கணிப்புகள் உண்டு. இலங்கைக்கும் தனிக் கணிப்பு இருக்க, அம்மாவின் தாளில் இருந்ததோ அமெரிக்க வெள்ளைப் பெண்ணுக்கான எண்.

இதைச் சின்ன விடயமாக நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் எலும்பு உறுதியானது என்ற எண்ணம் பரவலாக இருக்க, அவர்களைப் பரிசோதனைக்கு அனுப்புவதும், முறிவுக்குப் பின் மருந்து கொடுப்பதும் வெள்ளைப் பெண்களோடு ஒப்பிடுகையில் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இனத்தைப் பற்றி ஆராயாமல் எடுக்கும் ஒரு முடிவு, நோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சையையே மாற்றிவிடுகிறது.

மறுநாள் போய்க் கேட்டபோது மறுப்பில்லாமல் திருத்தி, கட்டணமின்றி வேறு தாள் தந்தார்கள்; அதில் எண் வேறாக இருந்தது. அதன் பொருளைத் தமிழில் விளக்க அங்கு ஒருவரும் இல்லை என்பதால் கிளினிக் நாள் வரை அம்மா பயத்தோடுதான் இருந்தார். பரிசோதனைக்காக இங்கே தாராளமாகப் போகலாம். ஆனால் அறிக்கையைக் கையில் வாங்கியதும் இனம், நாடு ஆகிய இரண்டு வரிகளையும் பார்த்துவிட்டே வெளியே வாருங்கள்.