ரங்கூன் மழைக்குத் தெருக்கதவு: எண்ணெயா, வார்னிஷா, திட்ஸியா?

பர்மாவில், ரங்கூனிலோ மௌல்மேனிலோ பழைய தேக்குக் கதவைச் சுரண்டிப் புதுப்பிக்க இறங்கினால், மேலே என்ன பூசுவது என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். கடைக்காரர் பிளாஸ்டிக் படலமாகக் காயும் பாலியூரித்தேன் வார்னிஷ் டப்பாவை நீட்டுவார், ஆசாரி எண்ணெய் என்பார். என் கட்சி எண்ணெய்தான். ஏன் என்று சொல்கிறேன்.

பாலியூரித்தேன் பூசிய முதல் வருடம் கதவு கண்ணாடி போல மின்னும், அதை மறுக்க முடியாது. ஆனால் தேக்குக்குள் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உடனே பூசாவிட்டால் பூச்சு சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் வெயில் விடாது. நிறமில்லாத படலத்தைத் தாண்டி உள்ளே போகும் வெயில், அடியில் இருக்கும் மரத்தின் மேற்பரப்பையே சிதைக்கிறது. படலம் விரிசல் விட்டதும் மே மாத மழை உள்ளே புகும், வெளியேற வழியிருக்காது. வெளுத்த திட்டுகள் தெரிய ஆரம்பித்தால் அப்புறம் முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். ஆழமான வராந்தா இருக்கிறதா, சரி, பூசலாம். அப்போதும் கப்பல், படகுகளுக்குப் பூசும் வார்னிஷே மேல். மரம் உப்பிச் சுருங்கும்போது அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

ஆளிவிதை எண்ணெயோ, டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெயோ மேலே படலமாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கிவிடும். மின்னாது, உரியவும் உரியாது. மழைக்கு முன் கதவைக் கழுவிக் காயவிட்டு, துணியால் மெல்லிசாக ஒரு கை தேய்த்தால் போதும். குறைகளும் உண்டு. ஆளிவிதை எண்ணெயில் ஈரக் காற்று பட்டால் கரும்பூஞ்சை வரும், டங் எண்ணெயில் அது குறைவு. வெள்ளிக்கிழமை நிலைப்படியில் பூசும் மஞ்சளும் எண்ணெய் பூசிய மரத்தில் நன்றாகவே ஊறும். அதைக் கறை என்று நினைக்காதவர்களுக்குக் கவலையில்லை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

திட்ஸி, பர்மாவின் பகான் ஊரில் செய்யும் அரக்குப் பாத்திரங்களுக்குப் பூசும் மரப்பால். மற்றவை காய்வதற்கு வறண்ட காற்று வேண்டும், இதற்கு ஈரக் காற்று. தண்ணீரை நன்றாகத் தாங்கும். ஆனால் நேர் வெயிலில் மங்கும், கறுப்பாகி மரத்தின் ரேகையை மறைக்கும், பச்சையாகத் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். தெருக்கதவுக்கு வேண்டாம், பூஜை அறைக் கதவுக்குப் பழகிய கைவினைஞர் கிடைத்தால் அழகு. அந்தக் காலத்தில் பர்மாவின் எண்ணெய்க் கிணற்று ஊரான யேனாஞ்சாங்கின் கச்சா எண்ணெயையே மர வீடுகளுக்கும் மடாலயங்களுக்கும் பூசினார்கள், நன்றாகத்தான் தாங்கியது. அந்த நாற்றத்தோடு, பக்கத்தில் விளக்கும் ஏற்றும் வாசலில் இன்று யார் பூசுவார்கள்?

எதைப் பூசினாலும் கதவு கெடுவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். கீழ் விளிம்பிலும் மேல் விளிம்பிலும் செங்குத்துச் சட்டங்களின் வெட்டுமுனை திறந்திருக்கும், தண்ணீரை உறிஞ்சும். மாட்டிய பிறகு அங்கே பிரஷ் போகாது. அதனால் கதவைப் படுக்க வைத்து ஆறு பக்கமும் பூசிய பிறகே மாட்டச் சொல்லுங்கள். ஆசாரி அவசரப்படுவார், விடாதீர்கள்.

பழைய வீட்டு நிலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதை நிமிர்த்தப் போனால் சுவர் பெயரும், கதவை நிலைக்கு ஏற்ப இழைப்பதே நல்லது. பக்கங்களில் 3 மி.மீ. இடைவெளி போதும். கோடையில் மாட்டினால் இன்னும் ஒரு மயிரிழை கூட விடுங்கள், மழையில் மரம் உப்பும். கனத்த கதவுக்கு மூன்று பித்தளைக் கீல் வேண்டும். பித்தளைத் திருகாணி தேக்கில் தலை முறியும். முதலில் துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை முடுக்கி எடுத்துவிட்டு, அப்புறம் பித்தளையைப் போடுங்கள்.