பழைய ஹெர்குலஸ்: ஓவராயிலுக்குப் பிறகு ஓட்டினால் எப்படி இருக்கும்?

தாத்தா ஓட்டிய 28 இஞ்ச் சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கியதும் பெயின்ட் கடையைத் தேடுவதுதான் பலரின் முதல் வேலை. பளபளவென்று வந்து நிற்கும். நாலு நாளில் பெடல் டொக் டொக்கென்று அடிக்க, மறுபடி சுவரில் சாய்த்துவிடுவார்கள். காசு போக வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு: கோன் (அச்சில் குண்டுகள் உருளும் கூம்பு), பால்ரஸ் குண்டு (பேரிங் குண்டு), காட்டர் பின் (பெடல் கையான கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு), வீல். இங்கே பேசுவது 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர் ஆலையில் செய்த ஹெர்குலஸ் மாதிரியான ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்) வண்டிகளைப் பற்றி. அக்காலத்து மற்ற இந்திய வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். நாட்டிங்காமில் செய்த பழைய ராலே மட்டும் தனி. அதன் பிபி (கிராங்குகளின் அச்சு சுழலும் இடம்) கப்பில் இஞ்சுக்கு 26 மரை, நம் கடைகளில் கிடைப்பதில் 24. அடித்து ஏற்றினால் கப் உட்காரும் பிரேம் கூடே போய்விடும்.

செலவு செய்யுமுன் பிரேம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நூலைப் பின் அச்சுப் பிடியின் ஒரு பக்கத்தில் கட்டி, ஹேண்டில் குழாயை (ஹேண்டில் தண்டு இறங்கும் பிரேமின் முன்குழாய்) சுற்றி மறுபக்கப் பிடிக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. ஹேண்டில் குழாய்க்குக் கீழே, கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கி வரிவரியாக இருந்தால் வண்டி முன்பு எங்கோ மோதியிருக்கிறது.

எல்லாவற்றிலும் படுத்துவது காட்டர் பின்தான். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைக்கவும். நட்டைக் கழற்றாமல், பின்னின் முனைக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அடியில் மரை நசுங்கிவிடும். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை உள்ளே இறங்குமளவு விட்டமுள்ள இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்துவிட்டு, கனமான சுத்தியலால் ஒரே போடு. முட்டில்லாமல் அடித்தால் அடி முழுக்க பிபி குண்டுகளில் இறங்கும், கப்பில் குழி விழும். பூட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும்: ஒன்றின் நட்டு மேலே என்றால் மற்றது கீழே. இரண்டையும் ஒரே பக்கம் போட்டால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது. பின்னைச் சுத்தியலால் அடித்து இறுக்கியபிறகே நட்டு. நட்டின் வேலை பிடித்து வைப்பது மட்டும். நட்டைத் திருகியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரை வழுக்கும். முதல் 40 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தட்டு தட்டி நட்டை இறுக்குங்கள். இதை விட்டுவிட்டுத்தான் “புது பின் போட்டும் ஆடுகிறது” என்று புலம்புகிறார்கள்.

வலப்பக்கத்து பிபி கப்புக்கும் இடது பெடலுக்கும் எதிர்மரை: வலப்பக்கம் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பேனரில் பைப் மாட்டித் திருகிக் கெடுத்த கப்புகள் ஏராளம்.

குண்டுகளைப் பழசும் புதுசும் கலக்காமல் முழு செட்டாக மாற்ற வேண்டும். வழக்கமான கணக்கு: முன் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பாகம்) பக்கத்துக்கு 10 (3/16 இஞ்ச்), பின் ஹப்புக்கு 9 (1/4), பிபிக்கு 11 (1/4). சந்தேகம் வந்தால் கப்பை நிறைத்து, நெருக்கினால் ஒன்றை எடுத்துவிடுங்கள். கோனில் நகத்தை ஓட்டினால் குழி தட்டுப்படுகிறதா? அப்படியானால் அதுவும் போக வேண்டும். குழி விழுந்த கோன் புதுக் குண்டையும் சீக்கிரம் தின்றுவிடும்.

செயினை 12 இஞ்ச் அளவில் சோதிக்கலாம். 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் வர வேண்டும். 12 1/8 வந்தால் செயினையும் ஃப்ரீவீலையும் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) சேர்த்தே மாற்றவும். அப்போது 18 பல்லுக்குப் பதில் 20 பல் ஃப்ரீவீல் கேட்டுப் பாருங்கள். மேம்பாலம் ஏறும்போது முழங்கால் வாழ்த்தும்.

ரிம்மில் ஸ்போக்ஸ் ஓட்டைகளைச் சுற்றித் துரு வீங்கியிருந்தால் அந்த ரிம் வேண்டாம். மேலே தேய்த்துப் பயனில்லை, உள்ளிருந்து தின்றிருக்கும். குரோமில் எமரித்தாள் போடாதீர்கள். அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே மேல்துரு போகும். டயர் 28 x 1½, பக்கவாட்டில் 40-635 என்றிருக்கும். 622 என்று போட்ட டயர் பெயரில் 28 என்றாலும் இந்த ரிம்முக்கு உட்காராது.

ஓட்டும் சுகம்? குண்டும் குழியுமான ரோட்டில் இந்த நீண்ட போர்க்குக்கும் தடித்த டயருக்கும் ஈடான புது வண்டி அதே விலையில் கிடைப்பது கஷ்டம். நிமிர்ந்த முதுகு, கை வலி கிடையாது. சுமார் 20 கிலோ எடையைச் சமதரையில் உணரமாட்டீர்கள். எதிர்காற்றில் நன்றாகவே உணர்வீர்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. ஸ்போக்ஸ் முதல் சில வாரங்களில் இளகும். ஒருமுறை கோட்டம் எடுத்தால் பிறகு நிற்கும். காற்று மெதுவாக இறங்கினால் டியூபைக் கழற்றுமுன் வால்வு வாயில் எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழி விட்டால் வால்டியூப் (வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய்) காய்ந்துவிட்டது, பஞ்சர் இல்லை. தோல் சீட்டில் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊறவைத்தால் தோல் தொய்ந்து தொட்டிலாகிவிடும்.

உண்மையான குறை பிரேக். கட்டைக்கும் ரிம்முக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, ராடு மூட்டுகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டால் காய்ந்த ரோட்டில் ஒழுங்காகவே நிற்கும். எண்ணெய் ரிம்மில் படக்கூடாது. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் வழுக்கும். எந்தக் கட்டை போட்டாலும் இதற்கு முழுத் தீர்வு கிடையாது. லேசாகப் பிடித்துக்கொண்டே சில சுற்று ஓடவிட்டு ரிம்மைத் துடைத்த பிறகுதான் பிடிப்பு வரும். தினமும் மழையோடும் பஸ்களோடும் ஓட வேண்டியவர்கள் இதையே ஒரே வண்டியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.