மோர் நிறத்தில் வந்த ஆயில்: டீசல் தாருடன் எட்டு வருடம்

2024 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். மெக்கானிக் அண்ணன் என் வண்டியின் பின் ஆக்சிலுக்கு அடியில் தட்டை வைத்துவிட்டு டிரெயின் நட்டைக் கழற்றினார். தேன் நிறத்தில் கெட்டியாக இறங்க வேண்டிய கிரவுன் ஆயில் (ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களுக்கான ஆயில்), தண்ணீர் கலந்து, நீர்மோர் மாதிரி வெளுத்து, நுரை தட்டி ஊற்றியது. ஒரு விரலில் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். "கருவேப்பிலை, கொத்தமல்லிதான் பாக்கி சார்."

வண்டியின் முன் கண்ணாடி ஓரமாக என் உயரத்துக்கு ஒரு ஸ்நார்க்கல் நிற்கிறது, வெள்ளத்துக்கு மேலிருந்து இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாய். 14,000 ரூபாய். அதன் வழியாக இன்ஜினுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை, உண்மைதான். ஆனால் தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொண்டது. ஆக்சில் மேல் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிரீதர் இருக்கிறது, உள்ளே இருக்கும் காற்று போய்வரும் துளை. அதில் ஒரு ஓஸ் மாட்டி மேலே கொண்டுபோய்க் கட்டியிருந்தால் போதும். செலவு 600 ரூபாய். ஆறு வருடத்தில் வண்டிக்கு மேலே, கீழே, முன்னே, பின்னே என்று இரண்டே முக்கால் லட்சம் கொட்டியிருந்த நான், அந்த 600 ரூபாயை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டிருந்தேன்.

சரி, முதலில் வண்டி. மஹிந்திரா தார் சிஆர்டிஇ, பழைய வடிவம், 2016 மாடல். இந்தப் பழைய தார் 2010-இல் வந்தது, 2015-இல் சில மாற்றங்கள் செய்தார்கள், 2020-இல் புதிய தார் வந்ததும் இதை நிறுத்திவிட்டார்கள். 2498 சிசி டீசல், 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர். நான் 2017-இல் இரண்டாம் கையாக வாங்கும்போது 31,000 கி.மீ. ஓடியிருந்தது. இப்போது 1,16,000. சென்னை மடிப்பாக்கத்தில் வீடு, பெருங்குடிப் பக்கம் வேலை. அதாவது வண்டியின் ஆயுளில் முக்கால்வாசி பள்ளிக்கரணை சிக்னலில் கழிந்திருக்கிறது. காடு மலை எல்லாம் மிச்ச கால்வாசியில்தான்.

முதல் ஓனர் முன்னால் ஒரு கனமான இரும்பு பம்பர் போட்டிருந்தார். நான் வாங்கிய 2017-இன் டிசம்பரிலேயே இந்த மாதிரி கிராஷ் கார்டு எல்லாம் சட்டப்படி கூடாது, நடவடிக்கை எடுங்கள் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். நல்லதாகப் போயிற்று. மோதலில் மடங்கி வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பக்கம் மடங்காமல் நின்றால், அந்த அடி அப்படியே உள்ளே இருப்பவர்களுக்குத்தான் வரும். தெருவில் போகிறவருக்கும் ஆபத்து. 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதற்கு அப்புறம் நான் செய்த எல்லாமே திரும்பக் கழற்றக்கூடியவைதான். கூரையில் வைத்த எல்இடி பாரையும் இறக்கிவிட்டேன். எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்கியதைத் தவிர அது ஒன்றும் செய்யவில்லை.

டயருக்கு வருகிறேன். செய்ததில் பைசா வசூல் இதுதான். 235/70 ஆர் 16-ஐ எடுத்துவிட்டு 245/75 ஆர் 16 ஏ.டி. டயர் (ரோடு, மண் இரண்டுக்கும் பொதுவானது) போட்டேன். விட்டம் 735 மில்லிமீட்டரிலிருந்து 774-க்குப் போகிறது. வண்டி தரையிலிருந்து 19 மில்லிமீட்டர் உயரும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஐந்து சதவீதம் கூடுதல் தூரம் போகும் என்பதால் மீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 84. இது தெரியாமல் நான் ஒரு வருடம், "டயர் மாத்தினதும் மைலேஜ் போச்சு" என்று எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன். முன்பு 11.5 கொடுத்தது 10.3 ஆயிற்று. ஆனால் ஓடிய தூரத்தையே மீட்டர் ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டுகிறதே! கணக்கைச் சரிசெய்தால் 10.8. புலம்பலில் கிட்டத்தட்ட பாதி வீண்.

அடுத்தது, செய்திருக்கக் கூடாதது. இந்தத் தாரில் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்னால் லீஃப் பட்டை. முன்பக்கம் டார்ஷன் பார் போல்ட்டை நாலு சுற்று முறுக்கினால் மூக்கு ஒன்றரை அங்குலம் தூக்கிக்கொள்ளும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதை "லிஃப்ட் கிட் இல்லாத லிஃப்ட்" என்று சொல்லி 2,500 ரூபாய் வாங்கினார்கள். பார்க்க வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. எனக்கும் பெருமை. ஆனால் முன் சக்கரம் கீழே இறங்குவதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் இறங்கும்போது 'டங்' என்று மேலே இடிக்கும். முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடிப்போய் எட்டே மாதத்தில் இரண்டு பக்கமும் அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வீல் முழுக்கத் தெறித்திருந்தது. டயரின் ஓரம் மட்டும் தேய்ந்தது. திரும்பப் பழைய உயரத்துக்கே இறக்கி, பூட் மாற்றி, அலைன்மெண்ட் பார்த்து வர 11,000. அந்த ஒர்க்‌ஷாப்பைக் குறை சொல்லவில்லை. கேட்டது நான், செய்து கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

ஓட்டுவதைப் பற்றி. இது கார் இல்லை. மேடும் பள்ளமும் இடுப்பில் தெரியும். கடற்கரைச் சாலையில் 90-க்கு மேல் நான் போவதில்லை, குறுக்கே காற்று அடித்தால் 80. பின் இருக்கைகள் பக்கவாட்டில் பார்த்தபடி இருப்பதால் என் மனைவி அதற்கு "ஷேர் ஆட்டோ" என்று பெயர் வைத்திருக்கிறாள். மேலே போட்டிருக்கும் கூடாரத் துணி, கடையில் தைத்தது. மே மாதத்தில் ஏசி போட்டும் தலை காயும், நவம்பரில் டிரைவர் தோளில் சரியாக ஒரே இடத்தில் சொட்டும். மயிலாப்பூர் மாட வீதிக்குள் ஒரு தடவை கொண்டுபோய்விட்டுத் திரும்ப முடியாமல் ஒரு பூக்கடைக்காரம்மா வழி சொல்லி வெளியே வந்தேன். அதிலிருந்து அங்கே ஸ்கூட்டர்தான்.

ஆனால் மணல். அதற்காகவே இதை வைத்திருக்கிறேன் என்று தோன்றும். கடப்பாக்கம் தாண்டி நண்பரின் மாமாவுக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. சொந்த நிலம், அவர் அனுமதியோடுதான் ஓட்டுகிறோம். பீச்சில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சட்டமும் விடாது, ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை முட்டையிட வரும் மணல் அது.

முதல் தடவை தோப்புக்குள் போனபோது 32 பி.எஸ்.ஐ. காற்றோடு, ஃபோர் வீல் போட்டிருக்கிறேனே என்ற தைரியத்தில் இறங்கினேன். முப்பது அடி. அவ்வளவுதான், நாலு சக்கரமும் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு வண்டி வயிற்றில் உட்கார்ந்தது. மிதிக்க மிதிக்க இன்னும் கீழே. மாமா வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்த்தார். "காத்த எறக்குங்க தம்பி. டிராக்டர் டயரு பாத்ததில்ல?" என்றார். நாலு டயரிலும் 18-க்கு இறக்கினோம். டயரின் பக்கம் பிதுங்கி, தரையில் பதியும் இடம் நீளமாகியது. சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும் நிலை) இரண்டாவது கியர் போட்டு மெதுவாகக் கிளட்ச் விட்டேன். ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வந்தது.

இந்த இன்ஜினுக்கு முழு டார்க் வருவது 1800-இலிருந்து 2000 ஆர்.பி.எம்.-க்குள். அதற்குக் கீழே டர்போ தூங்கும். மணலில் ஆர்.பி.எம். 1500-க்கு விழுந்தால் வண்டி செத்தது. அதனால் ஃபோர் லோ வேண்டும். ஆனால் அதில் முதல் கியரை விட இரண்டாவதுதான் சரி. முதல் கியரில் சக்கரம் சட்டென்று சுழன்று மணலைத் தோண்டிவிடும். 2015-க்குப் பிந்தைய தாரில் பின் ஆக்சிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் உண்டு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வெறுமனே சுழன்றால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் இரண்டும் சேர்ந்து இழுக்கும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டு ஏதோ உடைந்துவிட்டது என்று இறங்கிப் பார்த்தேன். வெளியே வந்ததும் காற்று அடித்துவிட்டுத்தான் தார் ரோட்டில் ஏற வேண்டும். ஃபோர் வீலையும் எடுத்துவிட வேண்டும். இதில் முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃப்ரன்ஷியல் கிடையாது, காய்ந்த ரோட்டில் ஃபோர் வீலோடு திருப்பினால் ஸ்டீயரிங் கல்லாகும், உள்ளே இருக்கும் பற்கள்தான் அதற்கு விலை கொடுக்கும்.

இப்போது தண்ணீர். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். மழை என்றாலே எங்கள் பக்கத்து ஆட்கள் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துவார்கள். நான் நிறுத்தவில்லை. ஸ்நார்க்கல் இருக்கிறதே! மறுநாள் காலை தெருவில் தொடை அளவுத் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு டயாலிசிஸ் நாள். அவரை முன் சீட்டில் உட்காரவைத்து ஃபோர் லோ, முதல் கியர். ஆக்சிலரேட்டரைத் தொடாவிட்டால் ஆள் நடப்பதை விட மெதுவாகத்தான் போகும். அதுதான் வேண்டும். கியர் மாற்றக் கூடாது. தண்ணீருக்குள் கிளட்ச் மிதித்தால் சேறு உள்ளே போகும். முன்னால் ஒருவர் கம்பு வைத்துத் தட்டிக்கொண்டே நடந்தார், மூடி திறந்த பாதாளச் சாக்கடை எங்கே என்று வேறு எப்படித் தெரியும்?

திரும்பி வரும்போது கொஞ்சம் தெம்பு ஏறி, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தேன். வண்டியின் முன்னால் அலை எழுந்து இரண்டு பக்கமும் விரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாடிப்படியில் நின்ற ஓர் அம்மா கத்தினார்: "யோவ், மெதுவாப் போய்யா! உன் அலையெல்லாம் என் வீட்டுக் கட்டிலுக்கு வருது!" வெட்கமாகப் போய்விட்டது. அன்று இன்னும் மூன்று நடை போனேன், பால், தண்ணீர் கேன், ஒரு கைக்குழந்தை. மூன்றும் நத்தை வேகத்தில்.

வண்டி நிற்காமல் ஓடியதால் எல்லாம் சரி என்று நினைத்தேன். பின் டிரம் பிரேக் நனைந்து பிடிக்காமல் இருந்ததை மட்டும், கால் வைத்து உரசிக்கொண்டே ஓட்டிக் காய வைத்தேன். ஆக்சில் நினைவுக்கே வரவில்லை. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், வெளியிலிருந்து இழுக்கும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். ஒரு மாதம் அந்த மோரோடு ஓட்டியிருக்கிறேன். பின்னால் மெல்லிய ஊளைச் சத்தம் வந்தது. ஏ.டி. டயர் சத்தம் என்று எண்ணிக்கொண்டேன். பேரிங், சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 19,000. பேரிங் சிலதைப் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்ததால்தான் அந்த அளவோடு முடிந்தது. கிரவுன் பல் தப்பித்தது புண்ணியம். இப்போது முன், பின் ஆக்சில், கியர்பாக்ஸ் மூன்றிலிருந்தும் ஓஸ் இழுத்து பானட்டுக்குள் உயரமாகக் கட்டியிருக்கிறது.

ஸ்நார்க்கல் போட்டவர்களுக்கு ஒன்று. இன்ஜினை ஐடிலில் விட்டு, ஸ்நார்க்கல் வாயை ஒரு ரப்பர் மேட்டால் மூடிப் பாருங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் நடுவில் எங்கோ காற்று நுழைகிறது, தண்ணீரும் அங்கேதான் நுழையும். என்னுடையது முதல் சோதனையில் ஜம்மென்று ஓடிக்கொண்டே இருந்தது! ஃபில்டர் பெட்டி மூடியில் இருந்தது ஓட்டை. டீசல் இன்ஜினில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனுக்கு மேலே அது ஒதுங்க இடமே கிடையாது. கனெக்டிங் ராடுதான் வளையும். எனவே தண்ணீரில் வண்டி நின்றுபோனால் எக்காரணம் கொண்டும் செல்ஃப் அடிக்காதீர்கள். தள்ளிக்கொண்டு வாருங்கள், கட்டி இழுத்து வாருங்கள், செல்ஃப் மட்டும் வேண்டாம்.

இன்னும் சில்லறை விஷயங்கள். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை மாதம் ஒரு முறை இறக்குகிறேன். கடற்காற்றுக்கு அடியில் துரு வருகிறது. தரைக் கார்ப்பெட்டை எடுத்துவிட்டு வெறும் ரெக்சின் போட்டேன், கார்ப்பெட் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் தின்றுகொண்டிருந்தது. பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றும் ரீமேப் செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. கிளட்ச் இப்போதே மேட்டில் லேசாக வழுக்குகிறது, பொங்கலுக்குள் மாற்ற வேண்டும்.

பழைய தார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், வெளியே என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்காதீர்கள் என்பேன். தரை விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். முன் வீல் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். பின் ஆக்சிலின் ஃபில்லர் நட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓனர் தயங்கினால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். சம்மதித்தால் விரலை விட்டுப் பாருங்கள். கையோடு ஒரு பழைய துணி கொண்டுபோவது நல்லது, அந்த ஆயில் நாற்றம் சோப்பு போட்டாலும் இரண்டு நாள் போகாது.