கிட்டாரில் போசா நோவா பழக: நைலான் கம்பியா, எஃகுக் கம்பியா?

ஒலி: 1950களில் கிட்டார் கலைஞர் ஜுவாவ் ஜில்பெர்ட்டோ இந்தப் பிரேசில் இசைப்பாணியின் வாசிப்பை வடித்தது நைலான் கம்பியில்தான். கட்டைவிரல், சம்பா இசையின் சுர்தோ என்ற பெருமுரசுபோல் அடிநாதத்தைச் சீராகப் பிடிக்கும். மற்ற விரல்கள் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை) ஒன்றாகப் பறித்துத் தாளத்தைத் தள்ளிப்போடும். நைலானில் ஒலி சீக்கிரம் அடங்குவதால் அந்த இடைவெளி தெளிவாகக் கேட்கும், அழகே அதில்தான். எஃகில் ரீங்காரம் நீண்டு கார்டுகள் குழம்பும்.

விரல்: நைலான் மென்மை, கழுத்து சுமார் 52 மி.மீ. அகலம். எஃகில் சுமார் 43. சின்னக் கைக்கு வசதி, ஆனால் நுனி வலிக்கும்.

விலை: தொடக்கநிலையில் பெரிய வித்தியாசமில்லை.

போசா நோவாவே குறி என்றால் நைலான். ஸ்ட்ரம் செய்து (கம்பிகளை ஒருசேர வருடி) பாடவும் வேண்டுமென்றால் எஃகு. நகத்தை விட்டு விரல்சதையால் மீட்டுங்கள், ஒலி கனியும். நைலான் கிட்டாரில் மட்டும் எஃகுக் கம்பி மாட்டாதீர்கள், இழுவிசை தாங்காமல் பிரிட்ஜ் (கம்பிகளைப் பிணைத்திருக்கும் கட்டை) பெயர்ந்துவிடும்.