பட்டர்ஃபிரீ: டீமில் சேர்க்கலாமா?
போக்கிமொன் ஃபயர்ரெட் வீடியோ கேமை நெருப்பு வகைப் போக்கிமொனான சார்மாண்டரோடு தொடங்கியிருந்தால், வண்ணத்துப்பூச்சிப் போக்கிமொனான பட்டர்ஃபிரீயைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். விரிடியன் காட்டில் பிடிக்கும் கேட்டர்பி என்ற புழு 7ஆம் லெவலில் கூடாகி, 10இல் சிறகு முளைத்து, கன்ஃபியூஷன் என்ற மனோசக்தித் தாக்குதலையும் கற்றுவிடும், முதல் ஜிம் தலைவர் புரொக்கின் பாறைப் போக்கிமொன்களான ஜியோடூட், ஓனிக்ஸ் இரண்டுக்கும் அது நல்ல அடி. ஆனால் பாறை அடி இதன்மேல் விழுந்தால் நான்கு மடங்கு, கதை முடிந்தது. 15இல் வரும் ஸ்லீப் பவுடர்தான் உண்மையான சரக்கு: குறியைக் கூர்மையாக்கும் காம்பவுண்ட் ஐஸ் என்ற திறன் இருப்பதால் அதன் குறி 75 சதவீதத்திலிருந்து 97.5க்கு ஏறுகிறது, தூங்க வைத்துவிட்டு அப்புறம் ஆறுதலாகப் போக்கிமொன் பிடிக்கும் பந்தை வீசலாம். கடைசியில் வரும் நான்கு பலசாலிகளான எலீட் ஃபோர் வரைக்கும் இழுக்காதீர்கள், இதன் அடிப்படைத் திறன்களின் கூட்டுத்தொகையே 385தான். ஹட்டன் பக்கம் மழைக்கு சிக்னல் போனாலும் இந்த கேமை விளையாடலாம் என்பதால் தேயிலைத் தோட்ட லயத்துப் பயல்களுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவன் மட்டும் பிட்ஜி என்ற பறவைப் போக்கிமொன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான்.