ரூட் அனுமதி இல்லாமல் எம்பெடட் லினக்ஸ் இமேஜ்: எந்த வழி எதற்குப் பொருந்தும்?

புதிதாக உருவாக்கிய லினக்ஸ் இமேஜை (சாதனத்தில் அப்படியே ஏற்றத் தயாரான கோப்பமைப்பை) சிறு கணினிப் பலகையில் ஏற்றியாகிவிட்டது. கெர்னல் தொடங்கி, லாகின் திரையும் வந்துவிட்டது. ஆனால் தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சேவை மட்டும் எழ மறுக்கிறது. சீரியல் கன்சோலில் பார்த்தால், '/வார்/எம்ப்டி' அடைவு ரூட்டுக்கு (எண் 0 கொண்ட முழு அதிகாரப் பயனருக்கு) உரியதாக இருக்க வேண்டும் என்ற ஒற்றை வரிச் செய்தி நிற்கிறது. அந்த அடைவின் உரிமையாளரை எண்ணாகக் கேட்டால் 0 வர வேண்டிய இடத்தில் 1000 வருகிறது. அது இமேஜைத் தயாரித்த கணினியில் என்னுடைய பயனர் எண். ரூட் இல்லாமல் இமேஜ் தயாரிப்பதன் சிக்கல் முழுவதும் இந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது.

இதற்கு எளிய தீர்வாகப் பலரும் எடுப்பது, தயாரிப்பு முழுவதையும் ரூட்டாகவே ஓட்டுவது. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குரூட் செய்வதற்காக (ஒரு அடைவையே முழுக் கோப்பமைப்பாகக் காட்டி அதற்குள் நிரல்களை ஓட்டுவதற்காக) தயாரிப்புக் கணினியின் '/டெவ்' அடைவை உள்ளே பைண்ட் மவுண்ட் செய்து, அதாவது அதே அடைவை அங்கேயும் தெரியவைத்து, பாதியில் நின்றுபோன ஸ்கிரிப்ட் அதை விடுவிக்காமல் போய், மறுநாள் பழைய அடைவை நீக்கியபோது கணினியின் சாதனக் கோப்புகளும் சேர்ந்து நீங்கியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இமேஜ் தயாரிப்புத் தொகுப்பான யாக்டோவின் பிட்பேக் கருவி, ரூட்டாக ஓட்டினால் தொடக்கத்திலேயே நின்றுவிடுவது நியாயமான கண்டிப்பு.

மாற்று வழிகளில் மிகப் பழையது பாவனை வழி. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்திலிருந்து வந்த ஃபேக்ரூட், எல்டி பிரீலோடு (ஒரு நூலகத்தை மற்றவற்றுக்கு முன்னே ஏற்றும் வசதி) மூலம் சி நூலகத்தின் அழைப்புகளை இடைமறிக்கிறது. ஒரு நிரல் கோப்பின் உரிமையாளரை மாற்றச் சொன்னால், வட்டில் எதையும் மாற்றாமல் அந்தக் கோரிக்கையைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு யார் கேட்டாலும் குறித்துவைத்த விடையையே தருகிறது. யாக்டோ பயன்படுத்தும் சூடோவும் இதே அடிப்படையில் இயங்குவதுதான். இரண்டும் வேறுபடுவது நினைவில். ஃபேக்ரூட் தன் குறிப்புகளைத் தனியாகச் சேமிக்கச் சொல்லாவிட்டால், அமர்வு முடிந்ததும் மறந்துவிடும். இன்னொரு இமேஜ் தயாரிப்புக் கருவியான பில்ட்ரூட்டுக்கு அது போதும். ஏனெனில் அனுமதிகளை அமைப்பது, சாதனக் கோப்புகளை உருவாக்குவது, கோப்பமைப்பு இமேஜை எழுதுவது ஆகிய அனைத்தையும் கடைசியில் ஒரே ஃபேக்ரூட் அமர்வுக்குள் அது முடித்துவிடுகிறது. யாக்டோவிலோ நிறுவல், பொதியாக்கம், இமேஜ் தயாரிப்பு என்று வேலை பல கட்டங்களாகப் பிரிந்து நடப்பதால், குறிப்புகள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அதனால் சூடோ அவற்றை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைக்கிறது. இந்த நீண்ட நினைவே அதன் பலவீனமும் ஆகிறது: சூடோவுக்குத் தெரியாமல் ஒரு கோப்பு நீக்கப்பட்டு, அதன் ஐநோடு எண் (கோப்பமைப்பு ஒரு கோப்பை அடையாளம் காணும் எண்) வேறொரு கோப்புக்குப் போய்விட்டால், தரவுத்தளமும் வட்டும் முரண்படுகின்றன. அப்போது அது தயாரிப்பை நிறுத்திவிடுவது எரிச்சலூட்டினாலும், தவறான உரிமையாளருடன் இமேஜ் வெளியே போவதைவிட அதுவே நல்லது.

பாவனை வழிக்கே உரிய குறை, அது நூலகத்தை நம்பி நிற்பது. நூலகத்தைத் தமக்குள்ளேயே சேர்த்து நிலையாக இணைக்கப்பட்ட நிரல்களும், கெர்னலை நேரடியாக அழைக்கும் கோ மொழி நிரல்களும் இந்த இடைமறிப்புக்குள் வருவதே இல்லை. சி நூலகமான ஜிலிப்சியின் 2021இல் வந்த 2.33 பதிப்பு, கோப்பின் விவரங்களைக் கேட்கும் ஸ்டாட் போன்ற அழைப்புகளின் உள்ளமைப்பை மாற்றியபோது, ஃபேக்ரூட்டும் சூடோவும் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டியிருந்தது.

அடுத்த வழியான யூசர் நேம்ஸ்பேஸில் (பயனர் எண்கள் உள்ளே ஒன்றாகவும் வெளியே வேறாகவும் தெரியும் தனிச் சூழலில்) கெர்னலே இந்தப் பொறுப்பை ஏற்கிறது. சாதாரணப் பயனரும் இதை உருவாக்கலாம் என்ற வசதி 2013இல் வந்த லினக்ஸ் 3.8இல் கிடைத்தது. நமக்கு ஒதுக்கப்பட்ட துணை எண்கள் 100000இல் தொடங்கும் 65536 எண்கள் என்று வைத்துக்கொண்டால், உள்ளே 0 என்பது வெளியே 100000. உள்ளே 33 என்பது வெளியே 100033. மொழிபெயர்ப்பு கெர்னலுக்குள் நடப்பதால், எப்படி இணைக்கப்பட்ட நிரலாக இருந்தாலும் அதற்கு ஒரே விடைதான் கிடைக்கும். டெபியன் பொதிகளிலிருந்து இமேஜ் தயாரிப்போருக்கு, எம்எம்டெப்ஸ்ட்ராப் கருவியின் அன்ஷேர் முறை இந்த வகையில் எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான செயலாக்கம்.

ஆயினும் இங்கே வரம்புகள் உண்டு. நேம்ஸ்பேஸுக்குள் சாதனக் கோப்புகளை உருவாக்க முடியாது; எக்ஸ்ட்4 கோப்பமைப்பு இமேஜை, கோப்பை வட்டுபோல் காட்டும் லூப் சாதனம் வழியே மவுண்ட் செய்யவும் முடியாது. தயாரிப்பு முடிந்தபின் மிஞ்சும் கோப்புகள் 100033 போன்ற எண்களுக்கு உரியவையாக இருப்பதால், அவற்றை நீக்குவதற்கே மறுபடி நேம்ஸ்பேஸுக்குள் நுழைய வேண்டும் என்பது முதன்முறை பயன்படுத்துவோரைத் திகைக்கவைக்கும். மேலும், உபுண்டு 24.04 போன்ற பதிப்புகளில் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு இந்த வசதியை இயல்பாகவே கட்டுப்படுத்துகிறது. ஆகவே தயாரிப்புக் கணினியின் நிர்வாகியிடம் ஒருமுறையாவது அனுமதி பெற நேரிடும்.

மெய்நிகர் கணினி வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டெபோஸ், லிப்கெஸ்ட்எஃப்எஸ் போன்றவை ஒரு சிறிய கியூஎமு மெய்நிகர் கணினியைத் தொடங்கி, அதற்குள் உண்மையான ரூட்டாக எல்லாவற்றையும் செய்கின்றன. மவுண்ட் உட்பட எதற்கும் தடையில்லை. ஆனால் மெய்நிகர் கணினியை வேகப்படுத்தும் கேவிஎம் சாதனத்தை அணுகும் உரிமை இல்லாத இடத்தில் வேகம் வெகுவாகக் குறையும். தானியங்கித் தயாரிப்புச் சேவைகள் பலவற்றில் நிலைமை அதுதான்.

நான் முதலிடம் தருவது நான்காவது வழிக்கு: இமேஜ் கோப்பை நேரடியாக எழுதிவிடுவது. இமேஜுக்குள் இருக்கும் உரிமையாளர் எண் வெறும் தரவு. அதை எழுத எந்த அதிகாரமும் தேவையில்லை. கெர்னல் மூலநிரலுடன் வரும் ஜென் இனிட் சிபிஐஓ கருவி இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது: கன்சோல் சாதனம், அனுமதி 0600, உரிமையாளர் 0, குழு 0, எழுத்துவகைச் சாதனம், சாதன எண்கள் 5, 1 என்று உரைக்கோப்பில் ஒரு வரி எழுதினால், அந்தச் சாதனம் வட்டில் எங்கும் உருவாகாமலேயே துவக்கத்தில் நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்குள் நேராக இடம்பெறுகிறது. சுருக்கப்பட்ட கோப்பமைப்பான ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்கும் இப்படிப்பட்ட வசதி உண்டு, அதன் 4.5 பதிப்பில் சேர்ந்த எஸ்கியூஎஃப்எஸ்டார், டார் கோப்பை (பல கோப்புகளை உரிமையாளர் விவரத்துடன் ஒன்றாகக் கட்டியதை) நேரடியாக இமேஜாக மாற்றுகிறது. எக்ஸ்ட்4க்கு எம்கேஇ2எஃப்எஸ் கருவி, அடைவிலிருந்து இமேஜை மவுண்ட் இல்லாமல் நிரப்புவதை 1.43 பதிப்பிலிருந்தே செய்கிறது, 1.47.1இலிருந்து டார் கோப்பையும் ஏற்கிறது. துவக்கப் பகுதியின் ஃபேட் கோப்பமைப்புக்கு எம்டூல்ஸ் இருக்கிறது. பகுதிகளை ஒரே வட்டு இமேஜாகக் கோப்பதை ஜென்இமேஜ் பார்த்துக்கொள்ளும்.

இந்த வழி தனித்து நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். பொதிகளின் நிறுவல் ஸ்கிரிப்ட்களை எங்காவது ஓட்டியாக வேண்டும். அதற்கு நேம்ஸ்பேஸ் தேவை. எம்எம்டெப்ஸ்ட்ராப் இரண்டையும் இணைத்திருக்கும் விதம் கவனிக்கத்தக்கது: ஸ்கிரிப்ட்களை நேம்ஸ்பேஸுக்குள் ஓட்டிவிட்டு, அங்கே உருவாக்க முடியாத சாதனக் கோப்புகளை டார் கோப்பின் பதிவுகளாக மட்டும் எழுதிவிடுகிறது. அந்த டார் கோப்பை அப்படியே எம்கேஇ2எஃப்எஸ் கருவிக்குக் கொடுத்தால், '/வார்/எம்ப்டி' 0 என்ற எண்ணுடனேயே பலகைக்குப் போய்ச் சேருகிறது. பில்ட்ரூட்டில் ஏற்கெனவே திருப்தியாக இருப்பவர் ஃபேக்ரூட்டைக் கைவிட வேண்டியதில்லை. டெபியன் அடிப்படையில் புதிதாகத் தொடங்குபவர் இந்த இணைப்பிலிருந்து தொடங்கி, லூப் மவுண்ட் தவிர்க்கவே முடியாத கட்டம் வந்தால் மட்டும் மெய்நிகர் கணினிக்குப் போகலாம்.